ஒரு விங்கரின் ஆட்ட வாழ்க்கை: லெராய் சானேயை வைத்து ஒரு பாலபாடம்

2017-18 பருவத்தில் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணிக்கு விங்கராக, அதாவது ஓரத்தில் ஆடும் முன்கள ஆட்டக்காரராக ஆடிய லெராய் சானே, பிரீமியர் லீக்கில் 10 கோல் அடித்தார். 15 கோலுக்குக் கடைசிப் பாஸ் கொடுத்தார். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அதே கோடையில் ஜெர்மனியின் உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடமில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்டில், மியூனிக்கின் அலியான்ஸ் அரங்கில், அவர் மாறிப்போயிருந்த பேயர்ன் அணியின் ரசிகர்களே அவரைப் பார்த்து விசிலடித்தார்கள். ஜெர்மன் அரங்குகளில் விசில் என்றால் ஏச்சு, பாராட்டு அல்ல. சில வாரங்களிலேயே அதே அணியின் மிக ஆபத்தான ஆட்டக்காரர்களில் ஒருவராகத் திரும்பவும் பேசப்பட்டார்.

திறமை இப்படி வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காது. ஏறி இறங்குவது அவர் நிற்கும் இடம், பந்து அவருக்கு வரும் விதம், பக்கத்தில் ஓடும் ஆள். கோல்கீப்பரும் நடுப் பின்வரிசை ஆட்டக்காரரும் எந்த அணிக்குப் போனாலும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறார்கள். விங்கருக்கு அப்படியில்லை. பயிற்சியாளர் மாறினால் வேலையே மாறிவிடும். விங்கர்களின் ஆட்ட வாழ்க்கை இவ்வளவு மேடுபள்ளமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மைதானத்தில் அவர் இடம் எது

பெரிய போட்டிகளில் மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெனால்ட்டி பாக்ஸின் அகலம் 40.32 மீட்டர். மீதியை இரண்டாகப் பிரித்தால், பாக்ஸுக்கு வெளியே பக்கக்கோடு வரை ஒவ்வொரு புறமும் 13.84 மீட்டர். இதுதான் விங், அதாவது ஓரத்தடம். கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் அகலம் 18.32 மீட்டர். அதன் விளிம்புக்கும் பாக்ஸின் விளிம்புக்கும் நடுவே 11 மீட்டர். இந்தத் தடத்தைத்தான் ஹாஃப் ஸ்பேஸ் என்கிறார்கள். ஆட்டத்தைப் பார்க்கும்போது இந்த ஐந்து தடங்களையும் மனத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும், விங்கரைப் பற்றிய பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஓரத்தடத்தில் நிற்கும் விங்கர் பந்தையே தொடாவிட்டாலும் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறார். எதிரணியின் ஃபுல்பேக்கை, அதாவது ஓரத்தைக் காக்கும் பின்வரிசை ஆட்டக்காரரை, அகலத்துக்கு இழுக்கிறார். ஃபுல்பேக் வெளியே வந்தால் அவருக்கும் நடுப் பின்வரிசைக்கும் இடையே சந்து திறக்கும். வராவிட்டால் விங்கர் தனியாக நிற்பார். பந்து இல்லாத இந்த நேரத்து நிற்பு புள்ளிவிவரத்தில் ஏறாது. நல்ல விங்கரைக் கண்டுபிடிக்க கோல் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பந்து வந்த பிறகு நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பாஸ் கிளம்பியதும் விங்கர் முதலில் உடம்பைத் திறக்க வேண்டும்: முதுகு பக்கக்கோட்டை நோக்கி, மார்பு மைதானத்தை நோக்கி. பந்தைத் தள்ளியிருக்கும் காலில், அதாவது எதிரணியின் கோலுக்கு நெருக்கமான காலில் வாங்கினால் அடுத்த அடியே முன்னோக்கி இருக்கும். அருகிலுள்ள காலில் வாங்கினால் உடம்பு தன் கோலைப் பார்த்துத் திரும்பிவிடும். அதற்குள் ஃபுல்பேக் முதுகில் ஒட்டிக்கொள்வார். அப்புறம் பக்கக்கோடும் எதிராளிதான், அதைத் தாண்டிப் போக வழியில்லை. ஓரத்தில் பந்தைத் தொலைப்பதில் பெரும்பங்கு இந்த முதல் தொடுதலில்தான் தீர்மானமாகிறது.

நேருக்கு நேர் வந்த பின் விங்கர் பார்க்க வேண்டியது ஃபுல்பேக்கின் இடுப்பை. எந்தப் பக்கம் இடுப்பு திரும்பியிருக்கிறதோ அதற்கு மறுபக்கம் போனால், அவர் திரும்பி ஓட ஓர் அடி கூடுதலாக எடுத்துக்கொள்வார். ஆரம்பத்திலிருந்தே முழு வேகத்தில் வந்தால் இந்த வித்தை பலிக்காது. மெதுவாக வந்து, எதிராளியையும் மெதுவாக்கி, பிறகு சட்டென்று வேகத்தை மாற்ற வேண்டும். உச்ச வேகத்தில் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தொடுபவர் சானே. அவ்வளவு வேகம் இருந்தும் அவர் அடிக்கடி கிட்டத்தட்ட நின்றுவிட்டுத்தான் கிளம்புவார்.

தாண்டியாகிவிட்டது. அடுத்து என்ன? இங்கேதான் சாதாரண விங்கரும் நல்ல விங்கரும் பிரிகிறார்கள். மூன்று வழி உண்டு: இறுதிக்கோடு வரை போய் பந்தைப் பின்னோக்கித் தரையோடு தள்ளுவது, உள்ளே வெட்டி வந்து சுடுவது, ஒன்றும் சரியில்லை என்றால் நின்று, பந்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஆரம்பிப்பது. தலையைத் தூக்கிப் பார்க்காமல் ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் உயரமாகத் தூக்கிப் போடும் கிராஸ்தான் எல்லாவற்றிலும் மோசமானது. நின்றுகொண்டிருக்கும் நடுப் பின்வரிசைக்காரர் அதைச் சும்மா தலையால் முட்டித் தள்ளிவிடுவார். பின்னோக்கி வரும் தரைப் பந்து அவருக்குக் கஷ்டம். தன் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் பந்து போகிறது. திரும்பித் தொட்டால் சொந்தக் கோலாகவும் வாய்ப்பு உண்டு.

எந்தக் கால், எந்தப் பக்கம்

சானே இடதுகால் ஆட்டக்காரர். சிட்டியின் அப்போதைய பயிற்சியாளர் பெப் குவார்டியோலா அவரை இடது ஓரத்திலேயே, சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நிறுத்தினார். அந்தப் பருவத்தில் இடது ஃபுல்பேக் பெஞ்சமின் மெண்டி முழங்காலில் அடிபட்டுப் போனதால், அந்த இடத்தில் ஆடிய ஃபேபியன் டெல்ஃப் மேலே ஓடாமல் நடுவே வந்து ஆடினார். ஹாஃப் ஸ்பேஸில் டேவிட் சில்வா இருந்தார். ஆக இடது ஓரம் முழுக்க சானேக்கு மட்டும். சில்வா பந்தைச் சந்தில் விடுவார், சானே இறுதிக்கோட்டுக்கு ஓடி இடதுகாலால் குறுக்கே தள்ளுவார், மறுகோடியில் ரஹீம் ஸ்டெர்லிங் காத்திருப்பார். அந்த ஆண்டு சிட்டி 100 புள்ளி எடுத்தது. சானேயின் 15 கடைசிப் பாஸில் நிறைய இந்த ஒரே அச்சில் வார்த்தவை.

2020இல் பேயர்னுக்கு வந்ததும் அவர் பெரும்பாலும் வலது பக்கம் ஆட வேண்டியிருந்தது. வலது பக்கம் இடதுகால்காரர் ஆடினால் வெளியே போய் கிராஸ் போடுவது கடினம், உள்ளே வெட்டிச் சுடுவது எளிது. மியூனிக்கில் இந்தப் பாணியை வேரூன்ற வைத்தவர் நெதர்லாந்தின் ஆர்யன் ராபன். 2009 முதல் பத்து ஆண்டு வலது ஓரத்திலிருந்து இடதுகாலுக்கு வெட்டி வந்து கோல் அடித்தவர். எல்லோருக்கும் தெரியும், யாராலும் நிறுத்த முடியாது. சானேயையும் ரசிகர்கள் அந்தத் தராசில்தான் வைத்தார்கள். எடை குறைந்தது.

2021 ஆகஸ்ட் 22 அன்று கொலோன் அணிக்கு எதிரான ஆட்டம்தான் அந்த விசில் ஆட்டம். இடைவேளையில் சானே வெளியே, ஜமால் முசியாலா உள்ளே. பேயர்ன் 3-2 என வென்றது. இரண்டு கோல் அடித்தவர் இன்னொரு விங்கர், செர்ஜ் க்னாப்ரி. புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் யூலியன் நாகல்ஸ்மான் அதற்குப் பிறகு செய்தது சின்ன மாற்றம்தான்: சானேயை இடது பக்கம் கொண்டுவந்தார், ஆனால் ஓரத்தில் அல்ல, 11 மீட்டர் அகலமுள்ள அந்த ஹாஃப் ஸ்பேஸில். ஓரத்தை ஃபுல்பேக் அல்ஃபோன்ஸோ டேவிஸின் ஓட்டத்துக்கு விட்டுவிட்டார். டேவிஸ் வெளியே ஓடும்போது எதிரணி ஃபுல்பேக் யாரைப் பிடிப்பது என்று தடுமாற, சானேக்குத் திரும்ப இடம் கிடைத்தது. இலையுதிர் காலம் முழுக்க அவர் கை ஓங்கியே இருந்தது.

ஆரம்பம்: எசனிலிருந்து ஷால்கே

சானே 1996 ஜனவரி 11 அன்று எசன் நகரில் பிறந்தவர். அப்பா சுலைமான் சானே செனகல் தேசிய அணி ஆட்டக்காரர், ஜெர்மன் லீக்கிலும் நெடுங்காலம் ஆடியவர். அம்மா ரெகினா வெபர் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் வெண்கலம் வென்றவர். வீட்டுக்கு அருகிலுள்ள வாட்டன்ஷைட் 09 சங்கத்தில் (கிளப்பில்) தொடங்கி, 2005இல் ஷால்கே, 2008இல் பேயர் லெவர்குசன், 2011இல் மீண்டும் ஷால்கே என்று போனது பயணம்.

அவர் வளர்ந்த அமைப்பே புதியது. 2000 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி ஒரே ஒரு புள்ளியோடு பிரிவில் கடைசி இடத்தில் நின்றது. அந்த அவமானத்துக்குப் பின் தொழில்முறைச் சங்கங்கள் அனைத்தும் இளையோர் பயிற்சி மையம் நடத்தியே ஆக வேண்டும் என்பது உரிம நிபந்தனையானது. மையம் இல்லையேல் லீக்கில் ஆட உரிமம் இல்லை. ஷால்கே போன்ற இடங்களில் பள்ளியோடு உடன்பாடு செய்துகொண்டு காலையிலேயே ஒரு பயிற்சியை நுழைத்தார்கள். கெல்சன்கிர்ஷனின் பெர்கர் ஃபெல்ட் பள்ளியில் படித்தவர்கள்தான் மானுவல் நாயரும் மெசூட் ஓசிலும் யூலியன் டிராக்ஸ்லரும்.

இந்த அமைப்புக்கு ஒரு குறையும் உண்டு, ஜெர்மனியிலேயே ஒப்புக்கொண்ட குறை. பாஸ் கொடுக்கத் தெரிந்த நடுக்கள ஆட்டக்காரர்களை ஏராளமாக உருவாக்கியது. எதிராளியை நேருக்கு நேர் தாண்டிப்போகும் துணிச்சல்காரர்கள் குறைந்தார்கள். எட்டு வயதில் பந்தை வைத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டப் பார்க்கும் பையனிடம் "பாஸ் கொடு" என்று கத்திக்கொண்டே இருந்தால் அவன் விங்கராக மாட்டான். 2024-25 பருவம் முதல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் சின்னப் பிள்ளைகளுக்கு மூவர், ஐவர் கொண்ட சிறிய ஆட்டங்களைக் கட்டாயமாக்கியதில் இந்தக் கவலைக்கும் பங்குண்டு. ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளையும் அதிக முறை பந்தைத் தொடும், அதிக முறை நேருக்கு நேர் மோதும்.

2014 ஏப்ரலில் ஸ்டட்கார்ட் அணிக்கு எதிராக ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் சானேக்கு அறிமுகம். 2015 மார்ச்சில் ஷால்கே மாட்ரிட் மண்ணில் ரியாலை 4-3 என வென்றபோது 19 வயதில் ஒரு கோல். 2016இல் சிட்டி அவரை வாங்கியது. சொல்லப்பட்ட அடிப்படைத் தொகை 3 கோடியே 70 லட்சம் பவுண்டு, அதற்கு மேல் போனஸ்.

இந்தப் பணத்தில் ஒரு பங்கு வளர்த்தவர்களுக்குப் போகும். நாடு விட்டு நாடு மாற்றத்தில் ஃபிஃபா விதிப்படி, ஆட்டக்காரருக்கு 12 முதல் 15 வயதான பருவங்களுக்கு ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம், மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. சானேயின் 13, 14, 15 வயதுப் பருவங்கள் லெவர்குசனில். அந்த அடிப்படைத் தொகையில் கணக்குப் போட்டால் பருவத்துக்கு 92,500 பவுண்டு, மூன்றுக்கும் 2,77,500 பவுண்டு. ஒன்பது வயதுவரை கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த வாட்டன்ஷைட்டுக்கு? இந்தக் கணக்கில் ஒரு பைசா இல்லை. 12 வயதில்தான் மீட்டர் ஓடத் தொடங்குகிறது.

லோன் எப்போது உதவும், எப்போது கெடுக்கும்

இளம் விங்கருக்குப் பெரிய சங்கத்தில் இடம் கிடைக்காதபோது, ஒரு பருவம் இன்னொரு சங்கத்துக்கு லோனில் அனுப்புவார்கள். க்னாப்ரியின் கதையில் இரண்டு விதமும் இருக்கிறது. ஸ்டட்கார்ட் பையன், 2011இல் ஆர்சனலுக்குப் போனார். 2015இல் வெஸ்ட் பிராம்விச்சுக்கு லோன். தாழ்வாக நின்று தடுத்து ஆடும் அணி அது. விங்கர் முதலில் தன் ஃபுல்பேக்குக்குத் துணை நிற்க வேண்டும். லீக்கில் க்னாப்ரிக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் மாற்று ஆளாகச் சில நிமிடம். பாதியிலேயே திரும்பினார். அடுத்த கோடை ரியோ ஒலிம்பிக்கில் 6 கோல் அடித்து, ஜெர்மனியோடு வெள்ளி வென்றார். வெர்டர் பிரேமனில் ஒரே பருவத்தில் 11 பண்டஸ்லிகா கோல். பேயர்ன் அவரை வாங்கிய கையோடு 2017-18இல் ஹோஃபன்ஹைமுக்கு லோனில் அனுப்பியது. அங்கே பயிற்சியாளர் நாகல்ஸ்மான், வேகமாக முன்னேறும் ஆட்டம், 10 கோல். 2019 அக்டோபரில் லண்டனில் டாட்டன்ஹாமை பேயர்ன் 7-2 என நொறுக்கியபோது நான்கு கோல் க்னாப்ரியுடையது. 2020இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

லோனைப் பார்க்கும்போது சங்கத்தின் பெயரைவிட முக்கியமான கேள்விகள் உண்டு. அந்த அணி பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது? விங்கர் பந்தை வாங்கும் இடம் சொந்தப் பாதியிலா, எதிராளியின் பாதியிலா? அந்த இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர்? இந்த மூன்றும் சரியில்லாவிட்டால் 20 வயதுப் பையனின் ஓராண்டு பெஞ்சிலேயே போய்விடும்.

தேசிய அணி இதே சிக்கலின் இன்னொரு முகம். 2018 ஜூனில் ஜெர்மனியின் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் சானேயை விட்டுவிட்டு யூலியன் பிராண்டை எடுத்தார். சானே அதுவரை ஜெர்மனிக்கு 12 ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. சிட்டியில் அவருக்காகவே அமைத்த ஓரம் தேசிய அணியில் இல்லை. சில நாள் முகாமில் அதை அமைக்கவும் முடியாது. ஆனாலும் லோவ் செய்தது தப்பு என்றே சொல்ல வேண்டும். மெக்சிகோவிடமும் தென்கொரியாவிடமும் கோலே அடிக்காமல் தோற்று ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. மூடிக் கிடந்த தற்காப்பை உடைக்க ஓரத்தில் ஒரு வேகக்காரர் இல்லாததை அப்பட்டமாகக் காட்டிய ஆட்டங்கள் அவை.

முழங்காலும் தொடைத் தசையும்

2019 ஆகஸ்ட் 4, வெம்பிளி, லிவர்பூலுக்கு எதிரான கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டம். தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் சானே நொண்டிக்கொண்டு வெளியேறினார். வலது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் சேதம், அறுவை சிகிச்சை. சிட்டியின் முதல் அணிக்காக அவர் திரும்பக் களமிறங்கியது 2020 ஜூன் 22. இடையில் கொரோனா நிறுத்தமும் சேர்ந்து பத்தரை மாதம்.

இந்தத் தசைநார் தொடை எலும்பின்மேல் கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமல், முறுகாமல் பிடித்து வைப்பது. பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு திரும்ப, முழங்கால் உள்பக்கம் மடங்கினால் அறுந்துவிடும். விங்கரின் பிழைப்பே ஊன்றித் திரும்புவதுதான். அறுந்ததற்குப் பதிலாகப் பெரும்பாலும் அவருடைய தொடைப் பின்தசை நாணிலிருந்தோ முட்டிச்சில்லு நாணிலிருந்தோ ஒரு துண்டை எடுத்துப் பொருத்துவார்கள். அது எலும்போடு பிடித்து வலுப்பெற மாதக்கணக்காகும். நேராக ஓடுவது சில மாதத்திலேயே வந்துவிடும். அதை நம்பி ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்கினால் மறுபடி அறுந்துபோகும் ஆபத்து ஏறுகிறது.

தொடைப் பின்தசைக் கிழிசல் இதைவிடச் சிறியது, ஆனால் அடிக்கடி வரும். முழு வேக ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், தசை நீண்ட நிலையில் இருக்கும்போதே காலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தில்தான் கிழிகிறது. வலி போனதும் விளையாட விட்டால் திரும்ப வரும். பயிற்சியில் வாராவாரம் முழு வேக ஓட்டத்தை அளவாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் தடுப்பு வழி. ஓடாமல் காப்பாற்றுகிறேன் என்று பொத்தி வைத்தால் ஆட்டத்தன்று தசை தயாராக இருக்காது.

ஒப்பந்தக் கடிகாரம்

சானேயின் சிட்டி ஒப்பந்தம் 2021இல் முடிய இருந்தது. புதுப்பிக்க அவர் ஒப்பவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் மாற்றுத்தொகை, அதாவது ஆளை விடுவதற்குச் சங்கம் வாங்கும் பணம், கிடையாது, கடைசி ஆறு மாதத்தில் வேறு சங்கத்தோடு அவர் நேரடியாகப் பேசலாம். ஆகவே ஓராண்டு மிச்சமிருக்கும் கோடையில் விற்பதுதான் சங்கத்துக்குக் கடைசி நல்ல வாய்ப்பு. முழங்கால் காயம், கொரோனாவால் காலியான கஜானா, ஓராண்டே மிச்சம்: மூன்றும் சேர்ந்து 2020இல் விலையை இறக்கின. பேயர்ன் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது சுமார் நாலரைக் கோடி யூரோ, போனஸ் தனி. 2025இல் பேயர்ன் ஒப்பந்தமும் முடிய, 29 வயதில் மாற்றுத்தொகை இல்லாமல் இஸ்தான்புல்லின் கலாட்டாசராய்க்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் போனார். தொகையே இல்லாததால் லெவர்குசனுக்கும் ஷால்கேக்கும் பங்கு கிடையாது.

29 என்பது விங்கருக்கு முக்கியமான வயது. முதல் ஐந்து மீட்டர் வெடிப்பு குறையத் தொடங்கும் காலம். அதைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் உள்ளே நகர்கிறார்கள். டார்ட்மண்டின் மார்கோ ராய்ஸ் இடது ஓரத்திலிருந்து மெல்ல முன்கள நடுவுக்கு வந்து, 35 வயதில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸியோடு அந்த நாட்டு லீக்கின் 2024 கோப்பையையும் வென்றார். ஆண்ட்ரே ஷூர்லே அதே 29இல் ஆட்டத்தையே விட்டார். மைன்ஸ், லெவர்குசன், செல்சி, வோல்ஃப்ஸ்பர்க், டார்ட்மண்ட், பிறகு ஃபுல்ஹாம், மாஸ்கோ என்று இரண்டு லோன். 2020 ஜூலையில் டார்ட்மண்டோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஓய்வு. அடிக்கடி மாறிய சங்கங்களில் அவருக்கென்று ஓர் ஓரம் நிலைக்கவில்லை.

ஆனால் 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 113ஆவது நிமிடத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஷூர்லே வலதுகால்காரர், ஓடுவதோ இடது ஓரத்தில். வலதுகாலுக்கு உள்ளே வெட்டுவார் என்றுதான் எதிர்பார்ப்பு. அவர் வெளியே ஓடி, அர்ஜென்டினாக்காரர்கள் நெருக்க நெருக்க, பலவீனமான இடதுகாலால் பந்தைத் தூக்கிப் போடுகிறார். மரியோ கோட்ஸே அதை மார்பில் வாங்கிக் கோலாக்குகிறார். கோட்ஸேயை விட்டுவிட்டு, பந்து கிளம்புவதற்கு முந்தைய மூன்று விநாடியில் ஷூர்லே எத்தனை முறை தலையைத் தூக்கிப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.